கேரவனில் கண்டிகோட்டை

படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் ஒரே வண்டிக்குள் அடக்கி, இரவில் நின்ற இடத்தையே வீடாக்கிக்கொள்ளும் வாகனம் மோட்டார் கேரவன். தமிழ்நாட்டில் கேரவன் என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் ஓரமாக நிற்கும் நடிகரின் வண்டிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அது ஒப்பனை அறை; பெரும்பாலும் நின்ற இடத்திலேயே பயன்படுவது. பயணக் கேரவன் வேறு. நாலைந்து நண்பர்கள் சேர்ந்து எடுத்துக்கொண்டு, ஓட்டல் முன்பதிவு, ரயில் நேரம் என்ற கவலை இல்லாமல் இரண்டு மூன்று நாள் ஊர் சுற்றி வருவதற்கென்றே கட்டப்பட்டது அது.

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தொழில் வட்டாரத்திலிருந்து இப்படிப் புறப்படுபவர்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் ஆற்றுப் பிளவு கண்டிகோட்டை. ஆந்திரத்தின் கடப்பா மாவட்டத்தில், ஜம்மலமடுகுக்கு மேற்கே சுமார் 15 கி.மீ. தொலைவில், எர்ரமலைக் குன்றுகளை அறுத்துக்கொண்டு பெண்ணாறு ஓடும் இடம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சுமார் 350 கி.மீ. அதிகாலையில் கிளம்பினால் மாலை வெயில் பாறையில் சாய்வதற்குள் போய்ச் சேரலாம்.

வண்டி பிறக்கும் ஊர்

ஒரு கேரவனின் முக்கிய உறுப்புகள் பலவும் இந்த வட்டாரத்திலேயே தயாராகின்றன. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் தயாரிப்பைத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலை 2000-ல் வந்தது. ஒரகடத்தில் ரெனோ - நிசான் ஆலையும் அப்போலோ டயர் ஆலையும் 2010-ல் இயங்கத் தொடங்கின. கனரக வண்டிகளுக்கான டெய்ம்லர் ஆலை 2012-ல் அதே ஒரகடத்தில் திறக்கப்பட்டது. பாரத்பென்ஸ் லாரிகளும் பஸ் சேஸிஸ்களும் அங்கிருந்துதான் வெளிவருகின்றன. ஜே.கே. டயர், சியட் ஆலைகளும் ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றியே இருக்கின்றன. வாகனங்களைச் சோதித்துப் பார்க்கும் மத்திய அரசின் ஆய்வு மையம் ஒன்றும் ஒரகடத்தில் இருக்கிறது.

ஒரகடத்துக்கும் கேரவனுக்கும் உள்ள உறவு வெளியே தெரிந்தது 2021-ல். கேரள அரசு அந்த ஆண்டு ‘கேரவன் கேரளா’ என்ற சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தபோது, திட்டத்தின் முதல் வண்டி பாரத்பென்ஸ் 1017 சேஸிஸின் மேல்தான் கட்டப்பட்டது. 10 டன் எடை வகுப்பு, 170 குதிரைத்திறன் என்பது அந்த எண்ணின் பொருள். உடலைக் கட்டியது கேரளத்தின் ஓஜஸ் நிறுவனம். எஞ்சினும் சட்டமும் ஒரு ஊரில், வீடு இன்னொரு ஊரில் என்பது கேரவன் தொழிலின் வழக்கமான பிரிவு. தமிழ்நாட்டில் பஸ் பாடி கட்டுவதற்குக் கரூர் பெயர் பெற்ற ஊர். தச்சு, வெல்டிங், ஒயரிங், பெயின்ட் என எல்லாக் கைகளும் அங்கே உண்டு. உலகத்துக்கு வண்டி செய்து அனுப்பும் ஊரும் அதற்கு உடல் கட்டும் ஊரும் ஒரே மாநிலத்தில் இருந்தும், தமிழ்நாட்டுச் சாலைகளில் பயணக் கேரவன் இன்னும் அரிதாகவே கண்ணில் படுகிறது. குறை வண்டியில் இல்லை. வண்டி இரவில் நிற்கவும், தண்ணீர் பிடிக்கவும், கழிவைக் கொட்டவும் இடம் இல்லாததில்தான் இருக்கிறது. கேரளம் இதைப் புரிந்துகொண்டு, குறைந்தது 50 சென்ட் நிலமும் ஐந்து வண்டி நிறுத்தும் இடமும் உள்ள கேரவன் பூங்காக்களுக்குத் தன் கொள்கையில் இடம் கொடுத்தது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலா பேசப்படுகிறது. பூங்காக்கள் வந்தால்தான் அந்தப் பேச்சுக்குப் பலன்.

சட்டத்தைப் பொறுத்தவரை இரண்டு செய்திகள் போதும். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் வண்டியை இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவரே ஓட்டலாம். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதை உறுதி செய்தது. டிராவலர் வேன் அளவுள்ள கேரவன்கள் இந்த எல்லைக்குள் அடங்கும்; 1017 போன்றவை அடங்காது, அவற்றுக்குக் கனரக உரிமம் உள்ள டிரைவர் வேண்டும். இரண்டாவது, பழைய வேனை வாங்கி உள்ளே கட்டில் போட்டுக் கேரவன் ஆக்கிவிடலாம் என்ற ஆசை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை அனுமதியில்லாமல் மாற்றுவதைத் தடுக்கிறது. ஆர்.டி.ஓ. பதிவில் மாற்றம் ஏறாத வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீட்டுக் கோரிக்கையும் சிக்கலாகும். வாடகைக்கு எடுப்பவர்கள் ஆந்திர எல்லை தாண்டுவதற்கான பெர்மிட், வரி, காப்பீடு மூன்றையும் புறப்படும் முன்பே கேட்டுப் பார்த்துவிட வேண்டும்.

தண்ணீர், மின்சாரம், எடை

கேரவன் பயணத்தின் மொத்தத் திட்டமும் தண்ணீரில் தொடங்குகிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் 5 லிட்டர், பாத்திரம் கழுவக் கை கழுவ 10, ஒரு வாளிக் குளியலுக்கு 15, கழிப்பறைக்கு 5 என்று சிக்கனமாக வைத்தாலும் 35 லிட்டர் ஆகிறது. ஐந்து பேர், மூன்று நாள் என்றால் 525 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அரை டன் சுமையைக் கூரைக்கடியில் வைத்துக்கொண்டு டிராவலர் அளவு வண்டி மலைச் சாலையில் திரும்ப முடியாது. ஆகவே இந்த வண்டிகளின் தொட்டி சிறியதாகவே இருக்கும். நாள்தோறும் ஓரிடத்தில் நிரப்பியாக வேண்டும். குளியலைத் தங்கும் விடுதியின் பொதுக் குளியலறைக்கு மாற்றிவிட்டால் கணக்கு ஒருவருக்கு 20 லிட்டராகக் குறைந்துவிடும். வண்டிக்குள் குளிப்பது வசதிதான், ஆனால் போகும் சீமை வறண்ட சீமை. கடப்பா மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 700 மி.மீ.; காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கம் பெய்வதில் ஏறக்குறையப் பாதிக்குச் சற்று மேல். அங்கே ஒரு குடம் தண்ணீர் யாரோ ஒருவர் ஏற்றி இறைத்த தண்ணீர் என்பதை வருபவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

உள்ளே போன தண்ணீர் வெளியே வந்தாக வேண்டும். பாத்திரம் கழுவிய நீர் ஒரு தொட்டியிலும் கழிப்பறைக் கழிவு இன்னொன்றிலும் சேர்கின்றன. சிறிய கேரவன்களில் கழிப்பறைக்கு அடியில் கழற்றி எடுக்கக்கூடிய பெட்டி இருக்கும். நாற்றத்தைக் கட்டுப்படுத்தும் ரசாயனம் அதில் ஊற்றப்படும். ஐந்து பேர் பயன்படுத்தினால் ஒன்றிரண்டு நாளில் நிரம்பிவிடும். அதைக் கொட்ட வேண்டிய இடம் விடுதியின் செப்டிக் டேங்குடன் இணைந்த கழிப்பறை மட்டுமே, அதுவும் விடுதிக்காரரின் சம்மதத்தோடு. ஓடையிலோ புதரிலோ கொட்டுபவர்கள் ஒரு கிராமத்தின் குடிநீரில் கை வைக்கிறார்கள்.

மின்சாரக் கணக்கும் இதுபோலத்தான். 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி பேட்டரி முழுதாகச் சேமிப்பது 2.4 யூனிட். விளக்கு, இரண்டு மின்விசிறி, சிறிய ஃபிரிட்ஜ், போன் சார்ஜ் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட் அளவில் முடிந்துவிடும். கூரையில் 400 வாட் சோலார் பலகை இருந்தால் ராயலசீமை வெயிலில் அந்த ஒன்றரை யூனிட் தினமும் திரும்பக் கிடைக்கும். ஏ.சி. வந்தால் கணக்கு உடைகிறது. ஒரு டன் ஏ.சி. ஓடும்போது ஒரு கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்குவதே அரிது. இரவு முழுக்கக் குளிர வேண்டுமானால் ஜெனரேட்டரோ விடுதியின் மின் இணைப்போ வேண்டும். நள்ளிரவில் ஜெனரேட்டர் உறுமும் கேரவன் பக்கத்துக் கூடாரங்களில் படுத்திருப்பவர்களுக்குச் செய்யும் கொடுமை சிறியதல்ல. குளிர்காலத்தில் போனால் அந்தத் தேவையே எழாது.

சமையலுக்கு 5 கிலோ கேஸ் சிலிண்டர் போதும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோரமாகத் தங்கும். அதனால் சிலிண்டர் அறையின் அடிப்பகுதியில் வெளிக்காற்றுத் துளை இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். ஓடும் வண்டியில் அடுப்புப் பற்றவைப்பதோ கட்டிலில் படுத்து வருவதோ கூடாது. எத்தனை பேர் படுக்கலாம் என்பதைவிட எத்தனை இருக்கைக்கு சீட் பெல்ட் இருக்கிறது என்பதே நண்பர் கூட்டத்தின் அளவைத் தீர்மானிக்கட்டும். வண்டியின் உயரத்தை மீட்டரில் எழுதி டிரைவர் கண்ணெதிரே ஒட்டிவைப்பது நல்ல பழக்கம். ரயில்வே சுரங்கப்பாலங்களின் உயரத் தடுப்பில் கூரை இடிப்பதைத் தவிர்க்க இதைவிட எளிய வழி இல்லை.

வழி நெடுகப் பாறை

ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் - ஸ்ரீபெரும்புதூர் - திருவள்ளூர் மாநில நெடுஞ்சாலையில் வடக்கே போனால் திருவள்ளூரில் தேசிய நெடுஞ்சாலை 716 கிடைக்கிறது. திருத்தணி, நகரி, புத்தூர், ரேணிகுண்டா, கோடூர், ராஜம்பேட்டை, கடப்பா, எர்ரகுண்ட்லா என்று அந்தச் சாலை வடமேற்காக ஏறுகிறது. முத்தனூர் தாண்டி ஜம்மலமடுகு வழியாகக் கண்டிகோட்டை. ரேணிகுண்டா வரையிலான பகுதி புரட்டாசியில் திருப்பதிக்கு நடந்தே போகிறவர்கள் அறிந்த வழி. அதற்கு அப்பால் உள்ள பகுதிதான் இந்த வட்டாரத்தவர் பலர் காணாதது.

இந்தப் பயணத்தின் அரிய செல்வம் பாறை. ஸ்ரீபெரும்புதூரிலேயே அது தொடங்குகிறது. அங்கே மண்ணுக்கடியில் கிடக்கும் களிமண் பாறைப் படிவுகளுக்குப் புவியியலார் அந்த ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள். 10 கோடி ஆண்டுக்கும் முற்பட்ட இலைகளின் அச்சு அவற்றில் கிடைக்கிறது. தொழிற்சாலைகள் அவற்றின் மேல் நிற்கின்றன. நகரி தாண்டியதும் சாலையோரம் செங்குத்தாக எழும் சிவந்த மலைகள் கடப்பா வடிநிலத்தின் தெற்கு விளிம்பைச் சேர்ந்தவை. திருப்பதி மலைப்பாதையில், பழைய கிரானைட்டின் மேல் குவார்ட்சைட் அடுக்கு வந்து அமரும் கோடு வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. இரண்டுக்கும் இடையில் பல பத்துக் கோடி ஆண்டு வரலாறு காணாமல் போயிருக்கிறது. அந்த இடமும், திருமலை மேலுள்ள சிலாதோரணம் என்னும் இயற்கைக் கல் வளைவும் தேசியப் புவியியல் சின்னங்கள். கேரவனைக் கீழேயே நிறுத்திவிட்டு பஸ்ஸில் ஏறிப் பார்ப்பது சுலபம்.

கோடூருக்கு அப்பால் சேஷாசலக் காடு கூட வருகிறது. செம்மரம் இயற்கையாக வளரும் மிகச் சில இடங்களில் ஒன்று இது. சோதனைச் சாவடியில் வண்டியைத் திறந்து பார்த்தால் பொறுமை காக்க வேண்டும். ராஜம்பேட்டைக்கும் கடப்பாவுக்கும் நடுவே சாலையை ஒட்டியே ஒண்டிமிட்டா கோதண்டராமர் கோயில், விஜயநகரக் காலத்துத் தூண் மண்டபத்தோடு நிற்கிறது. கடப்பா ஊருக்குள் பெரிய வண்டியை நுழைக்காமல் புறவழியில் போவது நல்லது, ஆனால் ராகி சங்கட்டியும் நாட்டுக்கோழிக் குழம்பும் சாப்பிட ஒரு நிறுத்தம் தகும்.

எர்ரகுண்ட்லா வந்ததும் தமிழ் வீட்டு அடுக்களை நினைவுக்கு வராமல் போகாது. சமையல் மேடைக்கும் அலமாரித் தட்டுக்கும் நம் வீடுகளில் போடும் கருநிறக் கடப்பா கல், இந்த வட்டாரத்தின் சுண்ணாம்புக் கல்தான். பலகை பலகையாகப் பிளந்து வரும் இயல்பு அதற்கு உண்டு. சிமென்ட் ஆலைகள் இங்கே குவிந்ததற்கும் அதே சுண்ணாம்புக் கல்தான் காரணம்.

பெண்ணாறு அறுத்த பிளவு

பெண்ணாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றுகிறது. அதே மலைப் பகுதியில் தோன்றி ஒசூர், கிருஷ்ணகிரி வழியாகக் கடலூருக்கு வருவது தென்பெண்ணை. வடக்கே திரும்பி, அனந்தபுரம், கடப்பா, நெல்லூர் வழியாக 597 கி.மீ. ஓடிக் கடலில் சேர்வது இந்த வடபெண்ணை. எர்ரமலையை அது கடக்கும் இடத்தில் பாறை கண்டிகோட்டைக் குவார்ட்சைட் எனப்படும் கடினமான மணற்பாறை. வயது 150 கோடி ஆண்டுக்கும் மேல். ஏறக்குறையக் கிடைமட்டமாக அடுக்கடுக்காகப் படிந்த இந்தப் பாறையில் நெட்டுக்குத்தாக விரிசல்கள் ஓடுகின்றன. அடுக்குகளுக்கு இடையிலுள்ள மென்மையான களிப்பாறையை நீர் அரித்தபோது மேலிருந்த கட்டிகள் விரிசல் வழியே பிளந்து சரிந்தன. அதனால்தான் சுவர் சாய்வாக இல்லாமல் செங்குத்தாக நிற்கிறது. பெட்டி பெட்டியாக அடுக்கிய செங்கல்போல் தெரிகிறது. செந்நிறம் இரும்பு ஆக்சைடினால் வந்தது.

கண்டிகோட்டையை இந்தியாவின் கிராண்ட் கேன்யன் என்று விளம்பரங்கள் சொல்வது இந்த இடத்துக்கு நியாயம் செய்வதாகாது. அரிசோனாவின் கிராண்ட் கேன்யன் 446 கி.மீ. நீளம், சில இடங்களில் 29 கி.மீ. அகலம், 1,800 மீட்டருக்கு மேல் ஆழம். கண்டிகோட்டைப் பிளவின் ஆழம் சுமார் 100 மீட்டர். ஆனால் இந்தக் கரையில் உட்கார்ந்தால் எதிர்க்கரைப் பாறையின் ஒவ்வொரு விரிசலும் தெரியும், எதிரொலி கேட்கும். கிராண்ட் கேன்யனில் எதிர்க்கரை தொலைதூரத்து நீலமாகத்தான் இருக்கும். மேலே கண்டிகோட்டை அணையும் கீழே மைலவரம் அணையும் இருப்பதால், பிளவுக்குள் நிற்கும் நீரின் அளவு அணைகளைப் பொறுத்து மாறும். இரண்டும் நிறைந்த மாதங்களில் பச்சை நீர் சுவரிலிருந்து சுவர் வரை விரிந்து நிற்கும். வறண்டால் அடியில் மெல்லிய ஓடை.

பிளவின் விளிம்பிலேயே கோட்டை. பெம்மசானி நாயக்கர்கள் மூன்று நூற்றாண்டு அளவுக்கு இதை ஆண்டார்கள். பின்னர் கோல்கொண்டாவின் தளபதி மீர் ஜும்லா கைப்பற்றினார். 1652-ல் பிரெஞ்சு வைர வியாபாரி தவெர்னியே இங்கே வந்து மீர் ஜும்லாவைச் சந்தித்தார். அன்று கர்நாடகம் எனப்பட்ட பகுதியின் மிக வலுவான கோட்டைகளில் ஒன்றாக இதைக் குறித்து வைத்தார். கோயில்களின் செம்புச் சிலைகளை உருக்கிப் பீரங்கி வார்க்க மாயே என்ற பிரெஞ்சுக்காரரை மீர் ஜும்லா அமர்த்தியதையும் அவர் எழுதியிருக்கிறார். 1800-ல் கடப்பா நிலப்பகுதி ஆங்கிலேயர் கைக்குப் போனபின் கோட்டை மெல்ல மெல்ல வெறும் கிராமமானது. மாதவராயர் கோயிலின் கோபுரம், ரங்கநாதர் கோயில், ஜாமியா மசூதி, தானியக் களஞ்சியம் எல்லாம் ஒன்றுக்கொன்று நடக்கும் தூரத்தில் நிற்கின்றன. இவை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. சுவரில் பெயர் கீறுவதும் மண்டபத்தில் அடுப்பு மூட்டுவதும் குற்றம்.

வாசல் வழி வளைந்து குறுகியது. கேரவனைக் கோட்டைக்கு வெளியே விட்டு நடப்பதே நல்லது. இரவுக்கு ஆந்திரச் சுற்றுலாத் துறையின் ஹரிதா விடுதி வளாகத்திலோ, கூடாரங்களை வாடகைக்கு விடும் தனியார் முகாமிலோ கேட்டு நிறுத்த வேண்டும். தண்ணீர், மின் இணைப்பு, கழிப்பறை மூன்றும் அங்கேதான் கிடைக்கும். பிளவின் விளிம்பில் பெரும்பகுதி வேலி இல்லாதது. பாறைத் தளம் வழுவழுப்பானது, காற்றும் பலமாக வீசும். இருட்டில் விளிம்புக்குப் போகாதிருப்பது, மது அருந்தியவரை அங்கே விடாதிருப்பது என்ற இரண்டையும் புறப்படும் முன்பே நண்பர்கள் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

2024 நவம்பரில் மத்திய அரசு கண்டிகோட்டை மேம்பாட்டுக்குச் சுமார் 78 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அந்தப் பணத்தில் கேரவன் நிற்கத் தளமும் கழிவு கொட்டும் தொட்டியும் சேர்ந்தால் தென்னிந்தியா முழுவதற்கும் முன்மாதிரியாக இருக்கும். அமெரிக்காவின் யூட்டாவில் உள்ள சயான் தேசியப் பூங்காவின் வாட்ச்மேன் முகாமில் வண்டிகளுக்கு மின் இணைப்பும் கழிவு கொட்டும் இடமும் உண்டு. இடம் முன்பதிவு செய்தவருக்கே. அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் மோட்டார்ஹோம் எடுத்துக்கொண்டு சயான், பிரைஸ், ஆர்ச்சஸ் என்று பாலைப் பிளவுகளைச் சுற்றி வர முடிவது இந்த ஏற்பாட்டால்தான்.

இரண்டாம் நாளுக்கு பேலம் குகை. கண்டிகோட்டையிலிருந்து சுமார் 60 கி.மீ., நந்தியால் மாவட்டம் கொலிமிகுண்ட்லாவுக்கு அருகில். அறியப்பட்ட நீளம் 3,229 மீட்டர். பார்வையாளர் நடக்கக்கூடியது சுமார் ஒன்றரை கி.மீ. நிலத்தடி நீர் கரைத்துக் குடைந்த இந்தச் சுரங்கங்கள் கடப்பா கல் கிடைக்கும் அதே சுண்ணாம்புப் பாறையில் அமைந்தவை. 1884-ல் இதைப் பதிவு செய்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவரும் அவரே. 1980-களில் ஜெர்மானியரான கெபாவர் குழு குகையை அளந்தது; 2002-ல் மக்களுக்குத் திறந்தார்கள். உள்ளே புழுக்கம் அதிகம், மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் நுழைவாயிலோடு நின்றுவிடலாம்.

காலம் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பகலில் நிறுத்திவைத்த கேரவனின் தகரக் கூரை இரவு வெகுநேரம் வரை ஆறாது. ஷிப்ட் மாறி மாறி வேலை பார்க்கும் வட்டாரத்தில் நண்பர்கள் ஐவருக்கும் ஒன்றாக விடுமுறை அமைவது ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும்தான். ஆயுத பூஜை சமயம் அணைகளில் நீர் இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் வடகிழக்குப் பருவமழையும் நெருங்கியிருக்கும். பொங்கல் விடுமுறையில் வானம் தெளிவாக இருக்கும், இரவு குளிரும், கூட்டமும் இருக்கும். விடுதியில் இடத்தை வாரங்களுக்கு முன்பே உறுதி செய்ய வேண்டும்.

திரும்பும் நாளில் விடுதியை விட்டுக் கிளம்பும் முன் கழிவுப் பெட்டியைக் காலி செய்து கழுவி, நல்ல நீர்த் தொட்டியில் குடிக்கத் தேவையானதை மட்டும் மிச்சம் வைத்தால் வண்டி லேசாகும், டீசலும் மிச்சம். சிலிண்டரின் வால்வை மூடி, அலமாரிகளைப் பூட்டி, டயர் காற்றைப் பார்த்த பிறகு முத்தனூர்ச் சாலையில் ஏறலாம். வரும் வழியில் மாலைக்குள் நகரி, திருத்தணி நெரிசலைக் கடந்துவிட்டால், இரவு ஷிப்ட் பஸ்கள் ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையை நிறைக்கும் முன் ஒரகடம் வந்துவிடும்.